தனித்தனியே வரச் சொல்லும் ஒப்பந்தம்



அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 21 அன்று வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ‘எபிக் சிஸ்டம்ஸ் எதிர் லூயிஸ்’ என்பது வழக்கின் பெயர். தொழிலாளர் நீதிமன்றத்தில் சம்பள பாக்கிக்கும் வேலைநீக்கத்துக்கும் வழக்காடுகிற ஒருவனுக்கு அமெரிக்கத் தீர்ப்பில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்ட கேள்வி அந்த நாட்டோடு நின்றுவிடுவதல்ல. ஒரே முதலாளியிடம் ஒரே விதமான அநியாயத்துக்கு நூறு பேர் ஆளாகியிருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து வந்து முறையிடலாமா, ஒவ்வொருவராகத்தான் வர வேண்டுமா? இதை யார் முடிவு செய்வது? சட்டமா, வேலைக்குச் சேரும் நாளில் முதலாளி நீட்டுகிற தாளா?

விஸ்கான்சின் மாநிலத்தில் வெரோனா என்று ஓர் ஊர். மருத்துவமனைகளுக்கான மென்பொருள் தயாரிக்கும் எபிக் நிறுவனம் அங்கே இருக்கிறது. 2014 ஏப்ரல் 2 அன்று அந்த நிறுவனம் தன் ஊழியர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. சம்பளம், வேலைநேரம் பற்றிய புகார் எதுவானாலும் இனி நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும். அங்கேயும் தனியாகத்தான் போக வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து வழக்குத் தொடுக்கக் கூடாது. மற்றவர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் பணம் கிடைத்தால் அதில் பங்கு வாங்கவும் கூடாது. இதுதான் அதிலிருந்த ஒப்பந்தத்தின் சாரம். படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இரண்டு பொத்தான்களை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். சம்மதமில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. தொடர்ந்து வேலை பார்த்தாலே ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று அதிலேயே எழுதியிருந்தது. வேண்டாம் என்பவருக்கு இருந்த ஒரே வழி வேலையை விடுவது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரி உண்டு. கூட்டாக வரக் கூடாது என்ற தடை செல்லாது என்று எங்காவது தீர்ப்பானால், கூட்டு வழக்கை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும், நடுவரிடம் அது போகக் கூடாது என்கிறது அந்த வரி. மாணவர்கள் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நடுவர் முறை விரைவானது, செலவு குறைந்தது, அதனால்தான் அதை விரும்புகிறோம் என்று நிறுவனங்கள் எப்போதும் சொல்கின்றன. அது உண்மையானால் கூட்டு வழக்கையும் நடுவரிடமே அனுப்பியிருக்கலாமே. ஊழியர்கள் சேர்ந்து வந்தால் நடுவர் வேண்டாம், தனியாக வந்தால் மட்டும் நடுவர் வேண்டும் என்பவரின் அக்கறை நடுவரைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மின்னஞ்சலுக்கு மறுநாளே சம்மதம் பதிவு செய்த ஓர் ஊழியர், அங்கே தொழில்நுட்பக் கையேடுகள் எழுதும் வேலையில் இருந்தவர், பிற்பாடு ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தில் சில வகை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. தம்மையும் தம்மைப் போன்றவர்களையும் நிறுவனம் தவறாக அந்த விலக்கில் சேர்த்துவிட்டது என்பது அவர் புகார். தமக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. ஒரே வேலை பார்த்த எல்லோருக்காகவும் கேட்டார். ஒப்பந்தம் குறுக்கே வந்தது.

இதோடு இன்னும் இரண்டு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஒன்று, அலபாமா மாநிலத்தில் மர்ஃபி ஆயில் நிறுவனத்தின் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர்களுடையது. அவர்கள் வேலைக்கு விண்ணப்பம் போடும்போதே இதேபோன்ற ஒரு தாளில் கையெழுத்திட வேண்டியிருந்தது. மற்றொன்று, எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் ஊழியர்களுடையது. பெட்ரோல் போடுகிறவர், கணக்குப் பார்க்கிறவர், கணினிக் கையேடு எழுதுகிறவர் என்று மூன்று வெவ்வேறு படிநிலைகளில் இருந்தவர்களுக்கும் நீட்டப்பட்ட தாள் ஒன்றே.

தனியாக வா என்பதில் என்ன கெடுதல், நியாயம் இருந்தால் தனியாகவே ஜெயிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். அதே எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தில் வேலை பார்த்த வேறொருவருக்கு வர வேண்டிய ஓவர்டைம் பாக்கி 1,867 டாலர் 2 சென்ட். அதை நிறுவனம் வகுத்த நடுவர் முறையில் தனியாகப் போய்க் கேட்டு வாங்க அவருக்கு ஆகக்கூடிய செலவு சுமார் 2 லட்சம் டாலர் என்று நியூயார்க்கில் மேல்முறையீட்டு வழக்கு நடந்தபோது பதிவாகியிருக்கிறது. நிபுணர் சாட்சியம், வழக்கறிஞர் கட்டணம், ஆவணங்கள் எல்லாம் சேர்ந்த தொகை அது. அபராத ஈடாக இன்னொரு மடங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நாலாயிரம் டாலரைத் தொடாது. யார் போவார்? எந்த வக்கீல் அந்த வழக்கை எடுப்பார்? நூறு பேர் சேர்ந்தால் அதே நிபுணர், அதே ஆவணம், அதே வாதம். செலவு நூறாகப் பிரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, பெயர் வெளியே தெரிகிற பயமும் நூறு பேருக்குள் பங்குபோடப்படும். நம் ஊரில் சங்கம் வைத்து நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி கேட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறவருக்கு நேர்வது என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே சட்டம் தரும் ஓவர்டைம் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கும், ஒரு வரிகூட மாறாது. அதைக் கேட்க ஆள்தான் இருக்காது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் கால்வின் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சங்கம் இல்லாத தனியார் நிறுவன ஊழியர்களில் 56 சதவீதம் பேர், அதாவது 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள், கட்டாய நடுவர் ஒப்பந்தத்துக்கு உட்பட்டிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் இது சுமார் 2 சதவீதமாக இருந்தது. இப்படிக் கட்டுப்பட்டவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்கூட நடுவரிடம் புகார் கொண்டுபோவதில்லை. ஆறு கோடிப் பேரும் குறையில்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களில் மட்டும் குறைந்த கூலித் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலரைச் சட்டப்படி வர வேண்டிய கூலியிலிருந்து இழக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார்.

அந்த மாறுபட்ட தீர்ப்புக்கு வருமுன் வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த வழக்கில் மோதிக்கொண்டவை 1925ஆம் ஆண்டின் நடுவர் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமும்.

1925ஆம் ஆண்டுச் சட்டம் வணிகர்களுக்காக வந்தது. சரக்கு வாங்குகிறவரும் விற்கிறவரும் தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று எழுதி வைத்தாலும், அன்றைய நீதிமன்றங்கள் அதை மதிக்கவில்லை. அதைச் சரிசெய்யத்தான் சட்டம் கேட்டார்கள். மசோதா வந்தபோது ஆண்ட்ரூ ஃப்யூருசெத் என்பவர் எதிர்த்தார். நார்வேயில் பிறந்து, பாய்மரக் கப்பல்களில் வேலை பார்த்து, பிறகு அமெரிக்க மாலுமிகள் சங்கத்தின் தலைவரானவர். ஒப்பந்தத்தை மீறிக் கப்பலை விட்டு இறங்கிய மாலுமியைச் சிறையில் தள்ளிய காலத்தைப் பார்த்தவர். வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இது நுழைந்துவிட்டால் மாலுமிக்கு நீதிமன்றக் கதவு அடைபட்டுவிடும் என்று அவர் முன்கூட்டியே கண்டார். அன்று வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், தொழிலாளர் ஒப்பந்தங்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு இருந்தால் விலக்கிவிடலாம் என்று எழுதி, அதற்கான வாசகத்தையும் கொடுத்தார். மாலுமிகள், ரயில்வே ஊழியர்கள், மாநிலங்களுக்கிடையிலும் வெளிநாட்டோடும் நடக்கும் வணிகத்தில் ஈடுபட்ட வேறெந்த வகைத் தொழிலாளருடைய வேலை ஒப்பந்தத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்ற வாசகம் சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஏறியது.

அன்றைக்கு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இருந்த அதிகாரமே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தோடு முடிந்துவிடும். நம் கை எட்டிய தொழிலாளர் அனைவரையும் விலக்கிவிட்டோம் என்றுதான் அன்று வாக்களித்தவர்கள் நினைத்திருப்பார்கள். பிற்காலத்தில் அந்த அதிகாரம் விரிந்தது. அதோடு நடுவர் சட்டத்தின் வீச்சும் விரிந்தது. ஆனால் விலக்கு மட்டும் விரியவில்லை. 2001இல் சர்க்யூட் சிட்டி வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம், விலக்கு போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. ஒரே சட்டத்தின் ஒரே பிரிவில், கட்டும் கயிறு இன்றைய நீளத்துக்கும் அவிழ்க்கும் கயிறு 1925இன் நீளத்துக்கும் அளக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியாக இருந்திருந்தால் எபிக் வழக்கே எழுந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

இனி 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய கதை. அமெரிக்கச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைக்குச் சேர்கிறவர், சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர்கள் அதை மஞ்சள் நாய் ஒப்பந்தம் என்றார்கள். அதைத் தடைசெய்த கன்சாஸ் மாநிலச் சட்டத்தை 1915இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1917இல், மேற்கு வர்ஜீனியாவின் ஹிட்ச்மேன் நிலக்கரிச் சுரங்க வழக்கில், அப்படி எழுதிக் கொடுத்தவர்களிடம் போய்ச் சங்கம் பற்றிப் பேசுவதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும் என்று சங்க ஊழியர்களுக்கு எதிரான தடையாணையை உறுதிசெய்தது.

இங்கேதான் சென்னை வருகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், பெரம்பூர் ஆலைகளில் அது வேர்விட்டதும் நீங்கள் அறிந்தது. திரு.வி.க. உழைத்த சங்கம் அது. 1920இன் கடைசியில் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு வந்தபோது, பின்னி கம்பெனி வாடியா மீதும் சங்கப் பொறுப்பாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஹிட்ச்மேன் வழக்கில் சொன்ன அதேதான். தொழிலாளர்கள் எங்களோடு செய்த வேலை ஒப்பந்தத்தை மீறும்படி இவர்கள் தூண்டுகிறார்கள் என்பது. தடையாணை கிடைத்தது, நஷ்டஈடும் கேட்டார்கள். வாடியா சங்கத்தை விட்டு விலக ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு கைவிடப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்க முதலாளியும் சென்னையின் ஆலை முதலாளியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் ஒரே கோட்பாட்டை இருவரும் எடுத்தார்கள். அந்தச் சென்னை வழக்கு உண்டாக்கிய அதிர்ச்சியில்தான் 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்கு நிற்காது என்று அதன் 18ஆவது பிரிவு சொல்லியது. அந்தப் பிரிவைப் படிக்கிற மாணவர்கள் பெரம்பூரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அதே வேலையை 1932இல் நோரிஸ்–லாகார்டியா சட்டம் செய்தது. கையெழுத்திட்டவர் அதே ஹூவர், இப்போது குடியரசுத் தலைவராக. சங்கமாகத் திரளாத தனித் தொழிலாளிக்கு ஒப்பந்த சுதந்திரம் என்பது உண்மையில் இல்லை என்பதை அந்தச் சட்டம் கொள்கையாகவே எழுதி வைத்து, மஞ்சள் நாய் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. மூன்று ஆண்டுகளில் தொழிலாளர் உறவுச் சட்டம் வந்தது. அதன் 7ஆவது பிரிவு சங்கம் சேரவும் கூட்டு பேரம் நடத்தவும் உரிமை தந்ததோடு, பரஸ்பர உதவிக்கும் பாதுகாப்புக்கும் வேறு வகைகளில் சேர்ந்து செயல்படவும் உரிமை தந்தது.

அந்த ‘வேறு வகைகள்’ எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1959 ஜனவரியில் பால்டிமோர் நகரில் நடந்ததைச் சொல்வேன். வாஷிங்டன் அலுமினியம் என்ற தொழிற்கூடம். கடுங்குளிர் நாள். பட்டறையைச் சூடாக்கும் உலை பழுதாகிக் கிடந்தது. எட்டு இயந்திரத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது. இவ்வளவு குளிரில் வேலை பார்க்க முடியாது என்று எழுவர் பேசிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அனுமதியின்றிப் போனார்கள் என்று எழுவரையும் நிறுவனம் நீக்கியது. 1962இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி பிளாக் எழுதிய தீர்ப்பில், அவர்களை நீக்கியது தவறு என்றது. சங்கம் இல்லை, முன்கூட்டி எழுத்துமூலக் கோரிக்கை இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் குளிரில் நடுங்கிய எழுவர் சேர்ந்து எடுத்த முடிவை 7ஆவது பிரிவு காக்கிறது. என் கண்ணில் அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் மிக அழகான தீர்ப்பு அது.

சேர்ந்து வெளியேறுவதைக் காக்கும் சட்டம் சேர்ந்து வழக்குத் தொடுப்பதையும் காக்காதா? 2012 ஜனவரியில், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், காக்கும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பிளவுபட்டன. சிகாகோவிலிருந்த நீதிமன்றம் எபிக் ஊழியர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றத்தில் 2017 அக்டோபர் 2 அன்று வாதம் நடந்தபோது, ஒரே அரசின் இரண்டு வழக்கறிஞர்கள் எதிரெதிரே நின்றார்கள். வாரியத்துக்காக முந்தைய ஆட்சியில் மனு போட்ட அரசுத் தரப்பு, ஆட்சி மாறியதும் முதலாளிகள் பக்கம் போயிருந்தது. வாரியம் தன் வழக்கறிஞரை வைத்துத் தனியாக வாதிட்டது.

தீர்ப்பு 5க்கு 4. பெரும்பான்மைக்காக நீதிபதி நீல் கோர்சச் எழுதினார். 7ஆவது பிரிவு சங்கம் அமைப்பதையும் கூட்டு பேரத்தையும் பற்றியது, நீதிமன்ற நடைமுறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, இன்றைய வடிவிலான கூட்டு வழக்கு முறை 1966இல்தான் வந்தது, எனவே 1935இல் சட்டம் இயற்றியவர்கள் அதை மனத்தில் வைத்திருக்க முடியாது என்பது அவர் வாதம். நடுவர் சட்டமோ ஒப்பந்தத்தில் எழுதியபடியே அமல்படுத்து என்று தெளிவாகச் சொல்கிறது என்றார். வாதத்தில் ஒழுங்கு இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் பால்டிமோரின் உலையைப் பற்றியும்தான் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. வேறு வகைகள் என்று பொதுவாக எழுதியதே, நாளை தொழிலாளர்கள் எந்த வழியைக் கண்டுபிடிப்பார்கள் என்பதை இன்றே பட்டியலிட முடியாது என்பதால்தான். கின்ஸ்பர்க் தம் மறுப்பை அவையில் வாய்விட்டுப் படித்தார். இந்தத் தீர்ப்பு மிகப் பெரிய தவறு என்றும், மஞ்சள் நாய் ஒப்பந்தத்தின் சாயல் இந்த ஒப்பந்தங்களில் தெரிகிறது என்றும், நாடாளுமன்றம் உடனே திருத்த வேண்டும் என்றும் சொன்னார். திருத்த மசோதா பிரதிநிதிகள் அவையில் 2019லும் 2022லும் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. பாலியல் துன்புறுத்தல் வழக்குகளுக்கு மட்டும் 2022 மார்ச்சில் தனிச் சட்டம் வந்து கட்டாய நடுவர் முறையிலிருந்து விடுதலை கிடைத்தது.

தீர்ப்புக்குப் பின் நடந்தவற்றில் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் கோர்டுவா ரெஸ்டாரன்ட்ஸ் வழக்கில் அதே தொழிலாளர் வாரியம், ஆள்மாறிப் போயிருந்த வாரியம், சொன்னது இது. கூட்டு வழக்குப் போட்டதற்காக ஊழியரை நீக்கக் கூடாது. ஆனால் ஊழியர்கள் கூட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, இனி சேர்ந்து வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்துக் கேட்கலாம். கையெழுத்திடாவிட்டால் வேலை போகும் என்றும் சொல்லலாம். வழக்குப் போட்டால் நீக்க முடியாது, வழக்கைக் கைவிடும் தாளில் கையெழுத்திடாவிட்டால் நீக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமையல்காரருக்கு மிச்சமிருக்கும் உரிமையின் அளவை நான் அளந்து பார்க்க முயன்று தோற்றேன்.

தொழிலாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2018 நவம்பர் 1 அன்று கூகுள் நிறுவனத்தின் சுமார் 20,000 ஊழியர்கள் உலகெங்கும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். கட்டாய நடுவர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் முன்னால் இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு அதைக் கைவிட்டது. சேர்ந்து வழக்குத் தொடுக்கும் உரிமையை நீதிமன்றம் பறித்ததென்றால், சேர்ந்து வெளியேறும் உரிமையை வைத்துக்கொண்டு அவர்கள் அதை மீட்டார்கள். பால்டிமோரின் எழுவருக்கும் இவர்களுக்கும் ஆறு தலைமுறைத் தொழில்நுட்ப இடைவெளி இருக்கலாம், பிரிவு அதே 7தான்.

டோர்டேஷ் என்ற உணவு விநியோக நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வேறு வழியில் போனார்கள். தனித்தனியே நடுவரிடம் வா என்கிறாய் அல்லவா, வருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் மனுப் போட்டார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நிறுவனம் 1,900 டாலர் கட்டணம் கட்ட வேண்டும். நிறுவனம் கட்ட மறுத்தது. கூட்டு வழக்காக மாற்றிக்கொள்ளலாமே என்று நீதிமன்றத்தில் வாதிட்டது! 2020 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், 5,010 ஓட்டுநர்களோடும் ஒவ்வொருவராக நடுவர் முன் போய் நில் என்று உத்தரவிட்டார். கட்டணம் மட்டும் சுமார் 95 லட்சம் டாலர். படிக்கும்போது மனம் குளிர்கிறது. ஆனால் இதை நிரந்தர மருந்தாக நினைக்க வேண்டாம். இதற்கும் பின்னால் பெரிய வக்கீல் நிறுவனங்களின் பணம் வேண்டும். கட்டண விதிகள் மாறின. ஒரே நேரத்தில் வரும் மனுக்களைத் தொகுதி தொகுதியாக வரிசையில் நிறுத்தும் பிரிவுகள் ஒப்பந்தங்களில் முளைத்தன.

நடுவர் முறையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1918இல், சென்னையில் சங்கம் தோன்றிய அதே ஆண்டில், அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் கேட்டதே நடுவர் தீர்ப்பைத்தான். பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நடுவராக இருந்து 35 சதவீத உயர்வை வழங்கினார். அமெரிக்காவிலும் சங்க ஒப்பந்தங்களில் நடுவர் முறை நெடுங்காலமாக இருக்கிறது. தொழிலாளர்கள் பேரம் பேசி வாங்கிய உரிமை அது. அங்கெல்லாம் நடுவருக்கு முன்னால் ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் தொழிலாளர்கள் திரண்ட சங்கம். நடுவரை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். வெரோனாவின் மின்னஞ்சலில் அந்த மறுபக்கம் இல்லை.

நம்முடைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 10-ஏ பிரிவு நடுவர் முறைக்கு இடம் தந்தது. முதலாளியும் தொழிலாளர்களும் தாமாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டவர்கள் இரு தரப்பிலும் பெரும்பான்மையினர் என்று அரசு கண்டால் அதை அறிவிக்கை செய்து, ஒப்பந்தத்தில் சேராத மற்றவர்களுக்கும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் தானாக முன்வரும் நடுவர் முறை இருக்கிறது. வேலை ஆணையில் ஒரு வரி எழுதித் தொழிலாளியைத் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து நகர்த்த முடியுமா என்ற கேள்வி கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் சம்பள பாக்கி வழக்கில் எழுந்தது. சம்பளம் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் போனவர்களை, ஒப்பந்தப்படி தனியார் நடுவரிடம் போகச் சொல்லுங்கள் என்று நிறுவனம் கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2012இல் மறுத்துவிட்டது. இந்தத் தகராறுகளுக்கென்றே சட்டம் தனி மன்றங்களை அமைத்திருக்கும்போது அவற்றைத் தனியார் நடுவரிடம் ஒப்படைக்க முடியாது என்றது.

இந்தக் காப்பு, தொழிலாளி என்ற சட்ட வரையறைக்குள் வருகிறவருக்குத்தான். மேற்பார்வைப் பதவியும் குறிப்பிட்ட சம்பளமும் வந்துவிட்டால் அவர் வெளியே. செயலி வழியாக உணவும் சரக்கும் கொண்டுபோகிறவரைத் தொழிலாளியே அல்ல, பங்குதாரர் என்கின்றன நிறுவனங்கள். வரையறைக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவருக்கும் வெரோனாவின் மின்னஞ்சல் வந்து சேரலாம்.

செயலித் தொழிலாளிக்கு அது எந்த உருவத்தில் வரும் என்பதைக் கனடா காட்டியது. ஒன்டாரியோவில் ஊபர் செயலி வழியே உணவு கொண்டுபோன ஓட்டுநர் ஒருவர் வாரம் 400 முதல் 600 டாலர்வரை சம்பாதித்தார். அவருடைய கைபேசியில் அவர் சம்மதித்த ஒப்பந்தப்படி, எந்தத் தகராறானாலும் நெதர்லாந்தில் நடுவர் விசாரணை. தொடக்கச் செலவு மட்டும் 14,500 அமெரிக்க டாலர். கனடா உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில், 8க்கு 1 என்ற கணக்கில், இப்படியொரு பிரிவு செல்லாது என்றது. பேரம் பேசும் பலத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கும் இடத்தில், உரிமையை யாருமே கேட்க முடியாதபடி செய்யும் ஒப்பந்தத்தை ஒப்பந்தமாக மதிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். அமெரிக்க நீதிமன்றம் தாளைப் பார்த்தது, கனடா நீதிமன்றம் தாளை நீட்டிய கையையும் வாங்கிய கையையும் பார்த்தது.

தமிழ்நாட்டில் செயலித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைந்துவிட்டது. காப்பீடும் உதவித்தொகையும் வாரியத்தின் வேலையாக இருக்கின்றன, நல்லது. அவர்களுடைய ஒப்பந்தங்களைப் பற்றிய விதிகளை எழுதும் நேரம் இனி வரும். அந்த விதிகளில் மூன்று வரிகளை நான் கேட்கிறேன். வேலை பார்க்கிற மாவட்டத்துக்கு வெளியே விசாரணை நடத்தும் எந்தப் பிரிவும் செல்லாது. நடுவர் கட்டணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொழிலாளி மீது சுமத்தக் கூடாது. சேர்ந்து முறையிடுவதையும் சேர்ந்து வழக்குத் தொடுப்பதையும் தடுக்கும் எந்த ஒப்பந்தமும், யார் எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும், தொடக்கத்திலிருந்தே செல்லாது. இந்த மூன்றாவது வரியை எழுத விடாமல் தடுக்கத்தான் எல்லா முயற்சியும் நடக்கும். முதல் இரண்டையும் விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேச வருவார்கள். சங்கத் தோழர்கள் அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது மூன்றாவது வரியை முதலில் வைத்துப் பேசுங்கள்.